கடலை உருண்டையில் என்ன இருக்கிறது?

(ஜூபிலி ஆண்டுக் கூட்டமொன்றில் பங்கு மாதர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஜூபிலி ஆண்டில் பேசுவதற்கு எத்தனையோ உயர்ந்த பொருள்கள் இருக்க, கடலை உருண்டையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் புன்னகை புரிவது எங்களுக்குத் தெரிகிறது. சிரியுங்கள், தடையில்லை. ஆனால் நம் வீடுகளில் இந்த உருண்டையைப் பற்றி மூன்று கருத்துகள் உலவி வருகின்றன. "அது ஏழைகளின் பாதாம், எல்லாச் சத்தும் அதில் உண்டு" என்பது ஒன்று. "கடலை பித்தம், கொழுப்பு, இருதயத்துக்கு ஆகாது" என்பது மற்றொன்று. "வெல்லத்தில் செய்ததுதானே, சர்க்கரை வியாதிக்காரரும் தாராளமாகத் தின்னலாம்" என்பது மூன்றாவது. இம்மூன்றில் எது மெய், எது பொய் என்று அறியாமலே நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம், அல்லது கொடுக்காமல் விடுகிறோம். பிள்ளையின் வளர்ச்சியும், தாயின் இரத்தமும், முதியோரின் நலமும் இதில் அடங்கியிருப்பதால், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று துணிந்தோம்.

கடலை வந்த கதை

நிலக்கடலை நம் நாட்டுப் பயிர் அன்று. அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. கடல் வாணிபத்தின் வழியே அது கிழக்கு நாடுகளுக்கு வந்தது. மணிலாவிலிருந்து வந்ததாக எண்ணி நம் மக்கள் அதை மணிலாக் கொட்டை என்றார்கள். தென்னார்க்காட்டுப் பக்கத்தில் அந்தப் பெயரே தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. நம் கொங்கு நாட்டில் அது கடலைக்காய். பூ மேலே பூக்கும். காயோ மண்ணுக்குள்ளே காய்க்கும். பெயரில் கொட்டை என்று இருந்தாலும் அது அவரை, துவரை, பாசிப்பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவேதான் பயறு வகைகளுக்குரிய புரதச் சத்து அதில் நிறைந்திருக்கிறது.

அவிநாசி, பல்லடம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆடிப் பட்டத்தில் கடலைக்காய் விதைத்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அறுவடையான காய் பெரும்பாலும் செக்குக்குத்தான் போயிற்று. எண்ணெய் அடுப்பங்கரைக்கு வந்தது. புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலையின் கொழுப்பு எண்ணெயோடு போய்விடுகிறது; புரதமோ புண்ணாக்கில் தங்கி விடுகிறது. கன்றுக்கும் காளைக்கும் புரதத்தைக் கொடுத்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணெயைக் கொடுத்தோம்.

இந்த வேடிக்கையை அறிவியலாரும் கவனித்தார்கள். 1950-ல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் எடுத்த கடலை மாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் தாது உப்புகளும் கலந்து, ஒரு பல்நோக்கு உணவைத் தயாரித்தது. சத்துக் குறைவால் வாடும் குழந்தைகளுக்கு மலிவில் புரதம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் முழுக் கடலையை அப்படியே வெல்லப் பாகில் போட்டு உருட்டும் நம் வழக்கத்தில், எண்ணெயும் புரதமும் பிரியாமல் ஒரே கவளத்தில் பிள்ளையின் வாய்க்குப் போய்விடுகிறது. இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

வெல்லமும் நம் ஊர்ச் சொத்தே

கடலை வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், வெல்லத்தின் கதையில் நம் கோயம்புத்தூருக்குத் தனிப் பெருமை உண்டு. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர் என்ற ஆங்கில அறிஞரும் வெங்கடராமன் என்ற நம் நாட்டு அறிஞரும் நாட்டுக் கரும்பை, ஆற்றோரம் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்புடன் இணைத்துப் புதிய இனங்களை உருவாக்கினார்கள். அவற்றுள் 1918-ல் வெளியான 'கோ 205' முதன்மையானது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். இங்கே பிறந்த இனங்கள் வடநாட்டு வயல்களிலும் பரவின. இன்றும் வட இந்தியாவில் கரும்பு வயலில் நிற்கும் உழவர் ஒருவர் நம் ஊரின் முதலெழுத்தைச் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

ஈரோட்டுப் பக்கம் சித்தோடு வெல்லத்துக்கும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கும் பேர் போனவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கவுந்தப்பாடிச் சர்க்கரை போகிறது. நம் பக்கத்தில் சர்க்கரை என்றாலே நாட்டுச் சர்க்கரைதான். வெள்ளைச் சீனியை 'அஸ்கா' என்று தனிப் பெயரிட்டு அழைத்தவர்கள் நம் பாட்டிமார்.

ஓர் உருண்டையின் கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். வறுத்துத் தோல் நீக்கிய கடலை அரைக் கிலோ, வெல்லம் 300 கிராம் எடுத்துக் கொள்வோம். இதில் எலுமிச்சங்காயை விடச் சற்றுச் சிறியதாக, ஒன்று 20 கிராம் வீதம், 40 உருண்டைகள் பிடிக்கலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுகளை ஆராய்ந்து வெளியிட்டுள்ள பட்டியல்களின்படி, 100 கிராம் கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 40 கிராம் கொழுப்பும் உள்ளன. அது தரும் சக்தி 560 கலோரிக்குச் சற்று மேல். 100 கிராம் வெல்லத்தில் 95 கிராம் மாவுச் சத்து; அதில் பெரும்பகுதி சர்க்கரையே. புரதம் இல்லையென்றே சொல்லலாம். அது தரும் சக்தி 380 கலோரி அளவு.

இதைக் கூட்டிப் பெருக்கி 40-ஆல் வகுத்தால், ஓர் உருண்டைக்குக் கிடைப்பது இது:

சக்தி – 100 கலோரி
புரதம் – 3 கிராம்
கொழுப்பு – 5 கிராம்
மாவுச் சத்து – 10 கிராம் (இதில் வெல்லத்தால் வருவது 7 கிராம்)
இரும்புச் சத்து – அரை மில்லி கிராம்
சுண்ணாம்புச் சத்து – 17 மில்லி கிராம்

கடலையின் இனமும் வெல்லத்தின் தரமும் மாறினால் இந்த எண்களும் சற்றே மாறும். ஆனால் வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

இப்போது ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்துக் கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வகுத்த அளவின்படி, அந்த வயதுக்கு நாளொன்றுக்கு 16 கிராம் புரதம் வேண்டும். இரண்டு உருண்டை 6 கிராம் தந்துவிடுகிறது. அதாவது, தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! ஒரு கோழி முட்டையிலும் அளவில் இதே 6 கிராம்தான் உண்டு.

கடைகளில் விற்கும் குளுக்கோஸ் பிஸ்கட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிராம் பிஸ்கட்டில் ஏறக்குறைய 6 அல்லது 7 கிராம் புரதம் இருக்கும். 100 கிராம் கடலை உருண்டையிலோ 15 கிராமுக்கு மேல். இரண்டும் தரும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. வயிறு நிறைவது ஒன்றுதான்; உடம்பு பெறுவது வேறு.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 'பீநட் பட்டர் ஃபட்ஜ்' என்ற இனிப்பைப் பற்றிச் சொல்வார்கள். கடலையை வெண்ணெய் போல் அரைத்து, சீனியும் பாலும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு போடுவார்கள். நம் பர்பி போலிருக்கும். பெயரில் கடலை இருந்தாலும் அதில் சீனியின் ஆட்சியே மிகுதி. வீட்டில் செய்யும் ஃபட்ஜில் 100 கிராமுக்கு 4 கிராம் அளவே புரதம். முக்கால் பங்குக்கு மேல் மாவுச் சத்து. நம் உருண்டையில் கடலை கூடுதல், இனிப்புக் குறைவு. பெயர் பெரிதாக இருப்பதால் சத்தும் பெரிதாகி விடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

இல்லாதது எது?

உள்ளதைச் சொன்னோம், இல்லாததையும் சொல்வதே நேர்மை.

முதலாவது, கடலைப் புரதம் அளவில் நிறைந்தது. தரத்தில் முட்டைக்கும் பாலுக்கும் ஈடல்ல. லைசின் என்ற புரதக் கூறு அதில் குறைவு. அரிசியிலும் அதுவே குறைவு. பயறு, பருப்பு, பால் ஆகியவற்றில் அது நிறைய உண்டு. ஆகவே 100 கிராம் கடலையைக் குறைத்து, அதற்குப் பதில் 100 கிராம் பொட்டுக்கடலையைச் சேர்த்து உருட்டினால், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். முறுக்கு மாவிலும் சட்னியிலும் பொட்டுக்கடலை போடும் நம் பெண்களுக்கு இது புதிய வேலை அன்று.

இரண்டாவது, இரும்புச் சத்து. "வெல்லம் தின்றால் இரத்தம் ஊறும்" என்று நம்பி, சோகை பிடித்த பெண்கள் மருந்தைத் தள்ளி வைத்துவிட்டு உருண்டையைத் தின்கிறார்கள். பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்புச் சத்து 29 மில்லி கிராம் என்று ஆராய்ச்சிக் குழுமம் கூறுகிறது. ஓர் உருண்டை தருவது அரை மில்லி கிராம். இரும்பு ஒன்றை மட்டும் நம்பினால் நாளைக்கு 58 உருண்டை தின்ன வேண்டும்! 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் மாநிலத்துப் பெண்களில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோருக்குச் சோகை இருப்பது தெரிய வந்தது. இந்தக் கூட்டத்திலும் பாதிப் பேர் என்று எண்ணிக் கொள்ளுங்கள். அவர்களுக்கு உருண்டை துணையாகலாம், மருந்தாகாது. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை விடாதீர்கள். உருண்டையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சேர்த்துத் தின்றால், அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். உருண்டையைக் கடித்துக் கொண்டே தேநீர் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் தேநீரின் துவர்ப்பு இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது நல்லது.

மூன்றாவது, சுண்ணாம்புச் சத்து. ஒரு தம்ளர் பசும்பாலில் 240 மில்லி கிராம் அளவுக்கு உண்டு. உருண்டையில் 17 மட்டுமே. பாகு கிளறும்போது 50 கிராம் முழு எள்ளைச் சேர்த்தால் இது ஏறக்குறைய இரட்டிக்கும். அப்போதும் பாலுக்குப் பதிலாக உருண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வைட்டமின் ஏ, வைட்டமின் சி இரண்டும் உருண்டையில் இல்லை. அவற்றைக் கீரையிலும் பழத்திலுமே தேட வேண்டும்.

கொழுப்பென்ற பயமும் வெல்லமென்ற மயக்கமும்

கடலையில் கொழுப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் அதில் கொலஸ்ட்ரால் கிடையாது. அதன் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு, இருதயத்துக்குத் தீமை குறைந்த வகையைச் சேர்ந்தது. எனவே இருதயத்துக்கு ஆகாது என்று கடலையை ஒதுக்குவது வீண் பயம். அளவு மீறினால் எடை ஏறும். அது வேறு பேச்சு.

அளவு மீறியதால் வந்த தொல்லைக்கு ஒரு பெரியவரின் அனுபவமே சான்று. காந்தியடிகள் பாலை விலக்கியிருந்த காலம். 1918-ல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றியபோது, அரைத்த கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே அவருக்கு முக்கிய உணவு. அளவு மிஞ்சித் தின்றதால் வயிற்றுக் கடுப்பு கண்டதென்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அடக்கத்தில் சிறந்தவருக்கே அந்தக் கதி என்றால், டப்பாவைத் திறந்து வைத்துக் கொண்டு தொலைக்காட்சி முன் உட்காரும் நமக்கு எச்சரிக்கை வேண்டாமா?

இனி வெல்லத்துக்கு வருவோம். அன்பானவர்களே, இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். அஸ்காவை விட வெல்லத்தில் தாது உப்புகள் சற்று உண்டு என்பது மெய். ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டும் உடன்பிறப்புகள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அவர்களில் எத்தனையோ பேர் காப்பியில் அஸ்காவை நிறுத்திவிட்டு, நாட்டுச் சர்க்கரையை இரண்டு கரண்டி போட்டுக் கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி பொய். நீரிழிவு உள்ளவர்கள் கடலையைத் தின்னலாம். வறுத்தோ அவித்தோ ஒரு கைப்பிடி தின்பதில் தவறில்லை. பாகில் போட்ட உருண்டை அவர்களுக்கு வேண்டாம்.

பூஞ்சணம் என்ற மறைந்த பகை

கடலையில் உண்மையான அபாயம் ஒன்று உண்டு. அது பித்தமும் அன்று, கொழுப்பும் அன்று. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் அடுத்தடுத்து மடிந்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில், அவற்றுக்குப் போட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலை மாவு இருந்ததும், அதில் பூஞ்சணம் பிடித்திருந்ததும் தெரிய வந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அது ஈரலைத் தாக்கும். நெடுங்காலம் உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கும் வழி வகுக்கும். வறுத்தாலும் அது முழுவதும் அழியாது.

நம் பக்கத்தில் ஆடியில் விதைத்த கடலைக்காய் அறுவடைக்கு வருவது ஐப்பசி, கார்த்திகை மழையோடு. காய் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை வெயிலில் காய வைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பருப்பாக வாங்கினால் முறத்தில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியவை, கறுத்தவை, பச்சை அல்லது மஞ்சள் தூள் படிந்தவை, உடைந்து நிறம் மாறியவை யாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். தின்னும்போது கசந்தால் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள். பொறுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். அந்த நஞ்சு பாலின் வழியே நம்மிடமே திரும்பி வரும்.

செய்முறையில் சில சொற்கள்

உருண்டை பிடிப்பதை உங்களுக்குக் கற்றுத் தர நாங்கள் யார்? இருந்தாலும் இளம் மருமக்களுக்காக நாலு வார்த்தை.

கடலையை இரும்பு வடச்சட்டியில் மிதமான தீயில் வறுங்கள். கருகினால் மணமும் போகும், சத்தும் குறையும். ஆறியபின் கையால் தேய்த்துத் தோலைப் புடைத்தெடுங்கள். பாதித் தோலை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. நார்ச்சத்து அதில் உண்டு.

வெல்லத்தைப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்ற இரசாயனத் தூளைச் சேர்க்கிறார்கள். நிறம் சற்று மங்கி, பழுப்பாக இருப்பதே நல்லது. கால் தம்ளர் நீரில் வெல்லத்தைக் கரைத்து, மண்ணும் தூசும் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றுங்கள். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டால் அது கரையாமல் உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' கென்று ஒலிக்க வேண்டும். அதுவே உருண்டைப் பதம். சிறிது சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, கடலையைக் கொட்டிக் கிளறி இறக்குங்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக் கொண்டு, சூடு ஆறுமுன் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து பிடித்தால்தான் முடியும். தனியொருத்தி செய்யும் வேலை அன்று. மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

2020-ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணின் கடலைக்கும், அங்குள்ளோரின் பாகுப் பதத்துக்கும் கிடைத்த மரியாதை அது. நம் வீட்டு உருண்டைக்குக் குறியீடு எதுவும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பா ஒன்று போதும். பதினைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கடலை எண்ணெய் காறினால் வாடையே சொல்லிவிடும்.

யாருக்கு எவ்வளவு?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்கவே கூடாது. மூச்சுக் குழாயில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்குக் கடலையை நைசாகப் பொடித்து, வெல்லத்தோடு பிசைந்து மெத்தென்று கொடுங்கள். பல் போன முதியோருக்கும் இதுவே வழி.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு இரண்டு உருண்டை போதும். அதில் வெல்லத்தின் சர்க்கரை 14 கிராம். சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இனிப்பிலிருந்து வரக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லைக்குள் அது அடங்கும். ஆனால் அதற்கு மேல் சாக்லேட்டும் குளிர்பானமும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் கொடுங்கள். இரவுச் சோற்றுக்கு முன்னால் வேண்டாம். தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெல்லம் பல்லில் ஒட்டும்.

வயலிலும் மில்லிலும் உழைப்போருக்கு மூன்று நான்கு கூடத் தகும். உட்கார்ந்தே வேலை பார்ப்போருக்கு ஒன்று போதும். கடலை தின்றதும் உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல் போன்றவை சிலருக்கு வரும். அது ஒவ்வாமை. அவர்கள் கடலையின் பக்கமே போகக் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உலகம் நம் அடுப்பங்கரையைப் பார்க்கிறது

நம் பங்கின் மூத்தோருக்கு நினைவிருக்கும். நாடு விடுதலை பெற்ற பின் வந்த பஞ்ச காலங்களில், அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு அனுப்பிய பால் பொடியும் கோதுமையும் பங்குகள் வழியாக ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த உதவியை நாம் மறப்பதற்கில்லை. 1956-ல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். நம் கோவையிலும் 1957-ல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி பிறந்து, டாக்டர் இராஜம்மாள் தேவதாஸ் அவர்களின் தலைமையில், உள்ளூர் தானியங்களையும் பயறுகளையும் கொண்டே பிள்ளைகளின் பசியையும் சத்துக் குறைவையும் போக்கலாம் என்ற பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குக் கற்பித்து வந்திருக்கிறது.

1996-ல் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்த் என்பவர், கடும் சத்துக் குறைவால் உயிருக்குப் போராடும் குழந்தைகளுக்காக ஒரு பசையை உருவாக்கினார். அரைத்த கடலை, சர்க்கரை, பால் பொடி, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் இவையே அதன் கலவை. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பொட்டலத்தைக் கிழித்துக் குழந்தையே சப்பித் தின்னலாம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. 2005-ல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் பஞ்சம் வந்தபோது அது ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காத்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெபும் இவ்வகை உணவுக்கு ஆதரவளித்தன. நம் உருண்டை அதற்கு மாற்றல்ல. அதிலுள்ள பாலும் மருந்துச் சத்துகளும் இதில் இல்லை. மெலிந்து போன குழந்தையை மருத்துவரிடம்தான் கொண்டு போக வேண்டும். ஆனால் கடலையும் இனிப்பும் சேர்ந்தால் சிறு வயிற்றில் பெரும் சக்தி அடங்கும் என்று நம் பாட்டிமார் கண்டறிந்ததையே அந்த மருத்துவரும் கண்டார்.

எங்கள் வேண்டுகோள்

பேசியதைச் செயலாக்க மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: ஜூபிலி நாளில் மறைக்கல்விப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கடலை உருண்டையும் ஒரு கொய்யாப் பழமும் தருவோம். ஒவ்வோர் அன்பியமும் ஒரு பங்கைச் செய்து தரட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்கு வாழைப்பழமும் பொரி உருண்டையும் தனிப் பாத்திரத்தில் தனியே செய்வோம். யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது.

இரண்டு: வின்சென்ட் தே பால் சபையார் வறியோர் வீடுகளுக்கு எடுத்துச் செல்லும் பையில், பிஸ்கட் பொட்டலத்தோடு அரைக் கிலோ வறுத்த கடலையும் இருக்கட்டும். வெல்லம் சேர்க்கலாமா என்று அந்த வீட்டில் கேட்டறிந்து முடிவு செய்யட்டும். கேட்காமல் கொடுக்கும் இனிப்பு நீரிழிவுக்காரருக்குத் தீங்காகும்.

மூன்று: ஒவ்வொரு தாயும் தன் இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பிள்ளைக்கு உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தில் ஒட்டிய பாகை மட்டும் வழித்துத் தின்னும் தாய்மார் நம்மில் ஏராளம். அந்தத் தியாகத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதைப் பாராட்டப் போவதில்லை. தாய்க்கும் இரண்டு உருண்டை உண்டு. அதை அவள் எடுத்து வைத்துக் கொள்ளட்டும். வீட்டார் அதைப் பார்த்துக் கொள்ளட்டும்.

 வாசலில் எங்கள் சங்கத்தார் தட்டோடு நிற்கிறார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை எடுத்துக் கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பக்கத்துத் தட்டில் வறுத்த கடலை இருக்கிறது.